பன்னிரண்டு சொற்களை உயிலில் எழுதலாமா?

கேட்டவருக்கு 51 வயது, கோவையில் தனியார் வேலை. ஊரடங்குக் காலத்தில் ஆரம்பித்து மாதாமாதம் கொஞ்சம் பிட்காயின், இடையிடையே எத்தேரியம் என்று சேர்த்திருக்கிறார். பாதி ஓர் இந்திய எக்ஸ்சேஞ்சில், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்தில் கிடக்கிறது, மீதி ஹார்டுவேர் வாலட்டில், அதாவது கிரிப்டோவின் ரகசியச் சாவியை வைத்திருக்கும் சின்னக் கருவியில். அந்தக் கருவியை முதலில் அமைக்கும்போது அது தரும் 12 சொற்கள்தான் சாவியின் மறுபிரதி. மனைவிக்கு இதில் ஈடுபாடு இல்லை. மகள் கல்லூரியில் படிக்கிறாள். “எனக்கு ஏதாவது ஆனால் இது அவர்கள் கைக்குப் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும்? உயிலில் அந்த 12 சொற்களையும் எழுதிவிட்டால் போதுமா?” என்பது அவர் கேள்வி.

உயிலில் எழுதாதீர்கள். உயில் பலர் கண்ணில் பட்டே தீரும் காகிதம். டைப் அடிப்பவர் பார்ப்பார், வக்கீல் பார்ப்பார். பதிவு செய்தால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் ஏறும், நீங்கள் போன பிறகு யார் வேண்டுமானாலும் அதன் நகலைக் கேட்டு வாங்கலாம். உயிலை சீல் வைத்த உறையில் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வசதி ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஆனால் அந்த உறையையும் பிற்பாடு திறந்தவுடன் பதிவேட்டில் நகல் எடுத்துக்கொள்வார்கள். 12 சொற்களையும் ஒரு தடவை பார்த்தவன் உங்கள் வீட்டுக்குத் திருட வரவேண்டிய அவசியமே இல்லை. இருந்த இடத்திலிருந்து ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் தன் வாலட்டுக்கு மாற்றிவிடுவான்.

அதற்காக உயிலே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரிப்டோவில் உரிமை வேறு, சாவி வேறு. நாம் பழகிய சொத்துகளில் இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும். பூட்டுச் சாவி தொலைந்தால் பூட்டை உடைக்கலாம், வீடு நம்முடையதுதான். வங்கிக் கணக்கை 10 வருடம் யாரும் தொடாவிட்டால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனால் வாரிசு அதற்குப் பிறகு வந்து கேட்டாலும் கிடைக்கும். ஹார்டுவேர் வாலட்டில் அப்படி இல்லை. உரிமை முழுதாக இருந்து சாவி இல்லையென்றால் சல்லிக்காசு வராது. உரிமையே இல்லாதவன் கையில் சாவி கிடைத்தால் மொத்தமும் போகும். அதனால் உரிமையை ஒரு காகிதத்திலும் சாவியை வேறொரு காகிதத்திலும் வைத்து, தனித்தனி வழியில் அனுப்ப வேண்டும்.

இந்த விஷயத்தில் எல்லோரும் சொல்லும் கதை கனடாவின் குவாட்ரிகா எக்ஸ்சேஞ்ச். அதன் தலைவர் ஜெரால்டு காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் இறந்துபோனார், வயது 30. இறப்பதற்கு 12 நாள் முன்புதான் உயில் எழுதியிருந்தார். வளர்த்த இரண்டு நாய்க்குட்டிகளுக்குக்கூட அதில் பணம் ஒதுக்கியிருந்தார், ஆனால் வாடிக்கையாளர்களின் வாலட் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சுமார் 76,000 பேரின் பணம் மாட்டிக்கொண்டது. பிற்பாடு தோண்டியபோது அந்த வாலட்டுகளில் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை, அவரே முன்னாடியே கரைத்துவிட்டார் என்று தெரிந்தது. ஆக அது மோசடிக் கதை. இருந்தாலும் உயில் ஒரு பக்கம், சாவி ஒரு பக்கம் என்பதற்கு இதைவிடப் பளிச்சென்ற உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, முதலில் உரிமை. இந்தியாவில் கிரிப்டோ செலாவணி அல்ல, ஆனால் சொத்துதான். 2024 ஜூலையில் வஜீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் களவு போய், வாடிக்கையாளர் கணக்குகள் எல்லாம் முடக்கப்பட்டன அல்லவா? அதில் மாட்டிய சென்னைவாசி ஒருவர் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: கையால் தொட முடியாது, பணமும் அல்ல, ஆனாலும் ஒருவர் வைத்து அனுபவிக்கக்கூடிய, இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைக்கக்கூடிய சொத்து. சொத்து என்றால் உயில் எழுதலாம், உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும்.

எப்படிப் பிரியும் என்பதில்தான் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். நீங்கள் இந்து என்றால், உயில் இல்லாத பட்சத்தில் 1956 சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு உங்கள் அம்மாவுக்கும் சமபங்கு உண்டு. அம்மா இருக்கிறார் என்றால் உங்கள் சொத்து மூன்றாகப் பிரியும். அம்மாவுக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர் பங்கு அப்புறம் உங்கள் அண்ணன், தங்கை என்று போகும், அந்தப் பஞ்சாயத்தில் உங்கள் மனைவி ஹார்டுவேர் வாலட்டை வைத்துக்கொண்டு நிற்பார். கிறிஸ்தவர் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம் என்றால் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து யாருக்குப் போகிறதோ அவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். வாசகம் சாதாரணமாக இருக்கட்டும்: “என் பெயரிலோ என் கட்டுப்பாட்டிலோ உள்ள கிரிப்டோ முதலான டிஜிட்டல் சொத்துகள், அவை எந்த எக்ஸ்சேஞ்சில் எந்த வாலட்டில் இருந்தாலும், அவற்றைத் திறப்பதற்கான கருவிகள், குறிப்புகள் உட்பட, என் மனைவிக்கு.” எத்தனை காயின் என்று எண்ணிக்கை போட வேண்டாம். அது மாதாமாதம் மாறும், மாறிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பிற்பாடு சண்டைதான் வரும்.

இனி சாவி. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பாதி சுலபம். அங்கே சாவி எக்ஸ்சேஞ்சிடம் இருப்பதால் நடைமுறை ஏறக்குறைய வங்கி மாதிரிதான்: இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அடையாள ஆவணங்கள், தொகை பெரிதென்றால் கோர்ட்டு உத்தரவு. உங்கள் கணக்கில் நாமினி போடும் பகுதி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், எல்லா எக்ஸ்சேஞ்சிலும் இருக்காது. இருந்தாலும் நாமினி என்பவர் வாங்கிக் கொடுக்கும் ஆள்தான், உரிமையாளர் அல்ல. பங்குகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதை உறுதிப்படுத்திவிட்டது. அதனால் நாமினி பெயரும் உயிலில் உள்ள பெயரும் ஒன்றாகவே இருக்கட்டும்.

நடைமுறையில் இங்கே காலை வாரிவிடுவது சிம் கார்டு. நான் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். திருப்பூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, அப்பா திடீரென்று போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு, “அந்த நம்பருக்கு எதுக்கு இன்னும் ரீசார்ஜ்” என்று பையன் விட்டுவிட்டான். சில மாதம் கழித்து எக்ஸ்சேஞ்ச் கணக்கு ஞாபகம் வந்து போனால், ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகிறது. மெயிலைத் திறக்கலாம் என்றால் அதற்கும் அதே நம்பர். நம்பரோ அதற்குள் யாரோ முன்பின் தெரியாத ஒருவரிடம் இருக்கிறது, பாவம், அவர் ராங் நம்பர் என்று போனை வைத்துவிட்டார். கடைசியில் பணம் வந்தது, ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. பயன்படுத்தாத பிரீபெய்டு நம்பரைப் பொதுவாக 90 நாளில் எடுத்துவிடுவார்கள். அதனால் வீட்டில் சொல்லி வையுங்கள்: நான் போனாலும் என் நம்பருக்கு இரண்டு வருடம் ரீசார்ஜ் செய்யுங்கள். கூகுள் கணக்கில் ‘செயல்படாத கணக்கு’ என்று ஓர் அமைப்பு உண்டு. இத்தனை மாதம் நான் வராவிட்டால் இன்னாருக்குத் தகவல் கொடு என்று அதில் மனைவியையோ மகளையோ போட்டுவைக்கலாம். ஐபோனில் உங்களுக்குப் பிறகு கணக்கைத் திறக்க ஒருவரை நியமிக்கும் மரபுத் தொடர்பு (லெகசி கான்டாக்ட்) என்று ஒன்று உண்டு, ஆனால் அதில் பாஸ்வேர்டுகள் வாரிசுக்குக் கிடைக்காது, அதை நம்பி இருக்காதீர்கள்.

ஓடிபி கையில் இருக்கிறதே என்று இறந்தவர் கணக்கில் புகுந்து விற்றுப் பணமாக்குவதும் ஊரில் நடக்கிறதுதான். செய்யாதீர்கள். இறந்த தேதிக்குப் பிறகு அவர் பான் எண்ணில் விற்பனையும் டிடிஎஸ்ஸும் பதிவாகும், மற்ற வாரிசுகள் யாராவது கேட்டால் பதில் சொல்ல முடியாது.

ஹார்டுவேர் வாலட் சமாசாரம்தான் பெரிது. முதலில் உங்கள் மனைவி தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தக் கருவியில் பணம் இல்லை. பென் டிரைவ் மாதிரி இருக்கும் அது உடைந்தாலும் தொலைந்தாலும் நஷ்டம் கருவியின் விலை மட்டும்தான். லெட்ஜர் கம்பெனிக் கருவியில் மூன்று முறை தப்பாகப் பின் நம்பர் போட்டால் அது தன்னையே அழித்துக்கொள்ளும், டிரெசர் கம்பெனிக் கருவி 16 முறை வரை பொறுக்கும். அழிந்தாலும் பரவாயில்லை, சொற்கள் இருந்தால் வேறு கருவியில் எல்லாமே திரும்ப வந்துவிடும். சொற்கள் இல்லாமல் கருவியும் போனால் கடவுளாலும் முடியாது. நான் பார்த்த வீடுகளில் கருவியைப் பட்டுப்புடவை மடிப்பில் வைத்துப் பூட்டிவிட்டு, சொற்கள் எழுதிய அட்டையை அது வந்த டப்பாவோடு பரணில் போட்டிருந்தார்கள்.

இந்தச் சொற்கள் 2048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வருபவை. ஜப்பானிய மொழியில் பட்டியல் உண்டு, செக் மொழியில்கூட உண்டு, தமிழில் கிடையாது. அதனால் எழுதுவது இங்கிலீஷில்தான். தமிழ் எழுத்தில் எழுதி வைத்தால் வேறு யாருக்கும் புரியாது என்று சிலர் சாமர்த்தியம் செய்கிறார்கள், நாளைக்கு எந்த ஸ்பெல்லிங் என்று குழம்பப் போவது உங்கள் மனைவிதான்.

என் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தேன். மிகச் சிறிய தொகை போட்ட ஒரு வாலட், நான் எழுதிய காகிதம், புதிதாக ஒரு கருவி. “நான் ஊரில் இல்லை என்று வைத்துக்கொள், இதைத் திற” என்று மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டேன். 20 நிமிடம் கழித்து, சொற்கள் செல்லாது என்கிறதே என்று வந்து நின்றாள். பார்த்தால் ஏழாவது சொல். நான் எழுதியது ‘வேர்ட்’ (word), அவள் படித்தது ‘உட்’ (wood). இங்கிலீஷில் இரண்டும் நாலெழுத்து, என் கூட்டெழுத்தில் ஆரும் ஓவும் ஒரே கோடு. பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. கடைசிச் சொல்லில் சரிபார்க்கும் கணக்கு ஒன்று ஒளிந்திருப்பதால் பெரும்பாலான தப்புகளைக் கருவியே கண்டுபிடித்துச் சொல்லிவிடும், ஆனால் எந்தச் சொல் தப்பு என்று சொல்லாது. அன்றிலிருந்து பெரிய எழுத்தில், தனித்தனிக் கட்டத்தில், எண் போட்டு எழுதுகிறேன். பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நாலெழுத்து ஒன்றாக வராது, அதனால் நாலெழுத்து தெளிவாக இருந்தாலே போதும்.

காகிதம் கறையான், வெள்ளம், நெருப்பு எதற்கும் தாங்காது. பாத்திரக்கடையில் எவர்சில்வர் தட்டில் பெயர் வெட்டித் தருவார்களே, அந்த மாதிரி உலோகத்தில் இருந்தால் நல்லது. தயவுசெய்து பாத்திரக்கடைக்காரரிடம் கொடுத்து வெட்டாதீர்கள்! எழுத்து அடிக்கும் பஞ்ச் செட் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே உட்கார்ந்து அடித்துவிடலாம். போட்டோ எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளாதீர்கள், ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எங்கே வைப்பது? நான் சொல்வது இரண்டு பிரதி, இரண்டு இடம், இரண்டிலும் 12 சொற்களும் முழுதாக. ஒன்று மனைவியோடு கூட்டாக எடுத்த வங்கி லாக்கரில், உங்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் மற்றவர் திறக்கலாம் என்று விதி போட்டு. இன்னொன்று நம்பகமான உறவினர் வீட்டு பீரோவில், சீல் வைத்த உறையில், ஒட்டிய இடத்தின் குறுக்கே உங்கள் கையெழுத்தோடு. லாக்கர் ஒன்றே போதாதா என்றால், அங்கே திருட்டோ தீவிபத்தோ நடந்தால் வங்கியின் பொறுப்பு வருட வாடகையின் நூறு மடங்கோடு நின்றுவிடும். வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றம் என்றால் பொதுவாக அதுவும் இல்லை.

பாதிச் சொற்கள் இங்கே, பாதி அங்கே என்று பிரித்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். பிரித்தால் இரண்டில் எது தொலைந்தாலும் மொத்தமும் போச்சு. அதாவது தொலையும் வாய்ப்பை நீங்களே இரட்டிப்பாக்குகிறீர்கள், ஆறு சொல் கையில் கிடைத்தவனுக்கு வேலையும் பாதிக்கு மேல் குறைகிறது. மூன்று துண்டிலோ மூன்று சாவியிலோ எந்த இரண்டு இருந்தாலும் திறக்கும்படி முறையாகச் செய்யும் வழிகள் இருக்கின்றன, ஷமீர் பகிர்வு, மல்டிசிக் என்று. நல்ல முறைகள்தான். ஆனால் அவற்றை நீங்கள் அமைப்பது பெரிதில்லை, நீங்கள் இல்லாதபோது உங்கள் மனைவி அதை மீட்டெடுக்க வேண்டும். கோடிக்கணக்கில் இருந்து, விஷயம் தெரிந்த ஒருவரும் குடும்பத்தில் இருந்தால் யோசிக்கலாம்.

பாஸ்ஃபிரேஸ் என்பது இந்தச் சொற்களோடு நீங்களே கூடுதலாக வைக்கும் ரகசியச் சொல். 24 சொல் வாலட்டை வைத்து இதை இருபத்தைந்தாவது சொல் என்பார்கள், உங்களுக்குப் பதின்மூன்றாவது. இது இன்னும் ஆபத்து. அதில் ஓர் எழுத்து மாறினாலும் கருவி தப்பு என்று சொல்லாது, அமைதியாக வேறொரு காலி வாலட்டைத் திறந்து காட்டும். மனைவி பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஏற்கெனவே விற்றுவிட்டார் போல என்று மூடி வைத்துவிடுவார். ஏற்கெனவே போட்டிருந்தால், பாஸ்ஃபிரேஸ் இருக்கிறது என்ற விஷயத்தையாவது கடிதத்தில் எழுதுங்கள்.

கடிதம் என்றது மூன்றாவது காகிதம். இதில் ரகசியம் எதுவும் இருக்கக் கூடாது, எல்ஐசி பாண்ட் வைத்திருக்கும் ஃபைலிலேயே வைக்கலாம். என்னென்ன இருக்கிறது, எந்த எக்ஸ்சேஞ்ச், எந்த மெயில், எந்த நம்பர், எந்தக் கம்பெனி வாலட், சொற்கள் எந்த இரண்டு இடத்தில், யாரைக் கேட்டால் உதவுவார். நல்ல தமிழில், ஒரே பக்கத்தில். அதோடு ஒரு வரி: “இந்தச் சொற்களை யாரிடமும் சொல்லாதே, எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசுகிறேன் என்றாலும், போலீஸ் என்றாலும், உதவ வந்த என் நண்பனே கேட்டாலும்.” துக்க வீட்டில் ‘மீட்டுத் தருகிறேன்’ என்று வருபவன்தான் பெரும்பாலும் திருடன். உதவுபவர் பக்கத்தில் உட்காரட்டும், சொற்களைக் கருவியில் மனைவியோ மகளோதான் பதிய வேண்டும்.

இன்னொரு காகிதம் வரிக்காக. வாரிசாக வந்த கிரிப்டோவுக்கு, கைக்கு வரும்போது வரி கிடையாது. விற்கும்போது உண்டு. 2022 ஏப்ரலிலிருந்து லாபத்தில் 30 சதவீதம், மேலே 4 சதவீதம் செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு எதையும் கழிக்க முடியாது. நீங்கள் கொடுத்த விலைதான் மனைவிக்கும் அடக்கவிலை என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். 2 லட்சத்துக்கு வாங்கியதை அவர் 10 லட்சத்துக்கு விற்றால், சர்சார்ஜ் இல்லாத நிலையில், 8 லட்சத்துக்கு வரி 2,49,600 ரூபாய். வாங்கிய ரசீது இல்லை என்றால் அதிகாரி முழு 10 லட்சத்தையும் லாபம் என்று எடுத்துக்கொண்டு 3,12,000 கேட்கலாம். ஒரு எக்செல் ஷீட் போடாததற்கு 62,400 ரூபாய். எக்ஸ்சேஞ்சிலிருந்து வருடாவருடம் கணக்கு அறிக்கையை இறக்கிப் பிரிண்ட் எடுத்து வையுங்கள், எக்ஸ்சேஞ்ச் என்றைக்கும் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

எல்லாவற்றையும் ஹார்டுவேர் வாலட்டுக்கு மாற்றிவிடலாமா என்று யோசிப்பீர்கள். உங்கள் நிலைமையில் நான் மாற்ற மாட்டேன். வஜீர்எக்ஸில் நடந்ததைப் பார்த்த பிறகு முழுவதையும் எக்ஸ்சேஞ்சில் விடவும் மாட்டேன். மனைவிக்கு ஆர்வம் இல்லாத வீட்டில், சான்றிதழ் காட்டினால் கிடைக்கிற பாதி, சொற்கள் இருந்தால் கிடைக்கிற பாதி என்று இருப்பதே ஒரு காப்புதான். அறுபது வயதை நெருங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக விற்று வங்கிக்குக் கொண்டுவந்துவிடலாம், அதற்கான வரியை நீங்களே கணக்குத் தெரிந்து கட்டிவிடுவீர்கள்.

மகளுக்கு இப்போதே சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்வேன். 18 தாண்டிவிட்டாள் என்றால் அவள் பெயரில் எக்ஸ்சேஞ்சில் ஒரு கணக்குத் திறந்து, உங்களுடையதிலிருந்து 2,000 ரூபாய் மதிப்புக்கு அனுப்பிப் பாருங்கள். அப்பா மகளுக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு அவள் வரி கட்ட வேண்டியதில்லை. அனுப்பவும் வாங்கவும் ஒரு முறை அவள் கை பழகிவிட்டால் நான் மேலே எழுதியதில் பாதி அவளுக்குத் தானாகப் புரிந்துவிடும். அப்புறம் வருடத்துக்கு ஒரு நாள், எங்கள் வீட்டில் ஆயுத பூஜை, ஃபைலில் இருக்கும் கடிதத்தை எடுத்து மாறியதைத் திருத்தி, தேதி போட்டு, பழையதைக் கிழித்துவிடுங்கள். அந்த வாரமே லாக்கருக்கும் உறவினர் வீட்டுக்கும் போய், உறை பிரிக்காமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.